சகலையும் பற்றுக்கம்பியும்

என் சகலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி எங்கள் ஆபீஸ் தலைவர் மேடம் கேட்டார். எங்கள் உலர்தாவரக் காப்பகம் தொடங்கி அறுபது வருடம் ஆகிறது, அதற்கு ஒரு சிறப்பு மலர் அச்சிடுகிறார்கள், அதில் வேலை செய்பவர் ஒருவரைப் பற்றிக் குறிப்பு வேண்டுமாம். நீங்கள்தான் குடும்பத்து ஆள், உங்களைவிட அவரை யாருக்கு நன்றாகத் தெரியும் என்றார். அது என்னவோ உண்மைதான். பதினெட்டு வருடமாக அவனை நினைத்து வயிறெரிந்த ஆள் நான். அவன் பெண்டாட்டிகூட அவனைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்க மாட்டாள். கேட்ட ஒரு பக்கத்தை நல்லபடியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிட இரண்டு வயது சின்னவன். நேரில் வாங்க சகலை, போங்க சகலை என்று மரியாதையாகத்தான் பேசுவேன். மனசுக்குள் எப்போதும் அவன் இவன்தான். கல்யாணமான புதிதில் ஒரு ரொட்டி கம்பெனியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். கம்பெனியை மூடிவிட்டார்கள். மச்சினி வந்து கண்ணைக் கசக்கினாள். என் மனைவி என் முகத்தையே பார்த்தாள். எங்கள் ஆபீஸில் ஜீப் ஓட்ட ஆள் தேடிக்கொண்டிருந்த சமயம் அது. நானே போய் மேடத்திடம் பேசி, நானே விண்ணப்பம் எழுதி, நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் செய்தேன்.

எங்கள் வேலை வெளியாருக்குச் சட்டென்று விளங்காது. ஒரு நீளக் கூடம், இரண்டு பக்கமும் இரும்பு அலமாரி, உள்ளே அடுக்கடுக்காகத் தடித்த தாள்கள். ஒவ்வொரு தாளிலும் அழுத்திக் காயவைத்த ஒரு செடி, நூலால் தைத்தோ பசையால் ஒட்டியோ இருக்கும். ஓரத்தில் ஒரு சீட்டு: எந்த இடத்தில், எந்த நாளில், யார் எடுத்தது, என்ன செடி. பின்னால் வருகிறவருக்கு அந்தப் பெயர் தப்பென்று பட்டால் புதுச் சீட்டு எழுதி, தன் பெயரையும் தேதியையும் போட்டுப் பக்கத்தில் ஒட்டலாம். பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது. செடியிலிருந்து ஒரு துணுக்கைக்கூட எடுக்கக் கூடாது. தானாக உதிர்ந்தாலும் அதைச் சின்ன உறையில் போட்டு அதே தாளில் ஒட்டிவிட வேண்டும். எங்கள் கூடத்தில் கொலைக் குற்றம் என்று ஒன்று உண்டென்றால் தாளில் இருக்கும் செடியைக் கிள்ளுவதுதான்.

என் பொறுப்பில் இருந்தது வெள்ளரிக் குடும்பம். முலாம், தர்பூசணி, பாகல், பீர்க்கு, கோவை எல்லாம் அதில் அடக்கம். தோட்டத்தில் விளைவதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். காட்டில் தானாக முளைப்பதுதான் உயிரை எடுக்கும். ஒரே கொடியில் அடி இலை வட்டமாக இருக்கும், நுனி இலை விரல் விரலாகப் பிளந்திருக்கும். பூக்க ஆரம்பித்தால் முதலில் வெறும் ஆண்பூவாகப் பூத்துத் தள்ளும். பெண்பூ வந்தால்தான் அதன் அடியில் இருக்கிற குட்டிப் பிஞ்சைப் பார்த்து ஏதாவது சொல்லலாம். பிஞ்சின் மேல் மெத்தென்று ரோமம் படிந்திருந்தால் காட்டு முலாம். குமிழ் குமிழாக இருந்து, குமிழுக்கு ஒரு முள் விறைத்து நின்றால் காட்டு வெள்ளரி. பூவும் இல்லை, பிஞ்சும் இல்லை என்றால் பற்றுக்கம்பியைப் பார்க்க வேண்டும். எதையாவது பிடித்து ஏறுவதற்காகக் கொடி நீட்டுகிற சுருளுக்குத்தான் அந்தப் பெயர். வெள்ளரிக்கும் முலாமுக்கும் அது ஒற்றையாகவே இருக்கும். தர்பூசணி வகைக்கு இரண்டாகப் பிரியும். ஐவிரலிக்கும் அப்படித்தான். ஐவிரலி என்பது வேலியில் படர்ந்து, வெள்ளைக் கோடு போட்ட கோலிக்குண்டு மாதிரி காய்க்கிற கொடி. தின்றால் வயிற்றைப் புரட்டும்.

இதையெல்லாம் நான் ஐந்து வருடம் படித்து, பட்டம் வாங்கித் தெரிந்துகொண்டேன். அவன் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தெரிந்துகொண்டான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் எங்கள் வீட்டில்தான் சாப்பிடும். நான் வேலையைப் பற்றிப் பேச வாயைத் திறந்ததும் என் மனைவிக்குச் சமையலறையில் ஏதாவது வேலை வந்துவிடும். மச்சினி கொட்டாவி விடுவாள். இவன் ஒருவன்தான் கை காய்வது தெரியாமல் உட்கார்ந்து, அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டிருப்பான். பாவம், ஒன்றும் தெரியாத பிள்ளைப்பூச்சி, சொல்லிவைப்போமே என்று நான் அளந்துகொண்டே போவேன்.

அவன் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். வறண்டுகிடந்த ஓர் ஏரிக்குப் போயிருந்தோம். பூவே இல்லாத ஒரு கொடியை வெட்டி, செய்தித்தாள் மடிப்பில் வைத்து, காட்டு வெள்ளரி என்று குறித்துக்கொள்ளச் சொன்னேன். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் குறித்துக்கொண்டார்கள். ஜீப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் துணியோடு வந்து எட்டிப் பார்த்தான். சுண்டுவிரலால் பற்றுக்கம்பியை மெல்லப் பிரித்து நீட்டினான்.

"சகலை, இது ரெண்டாப் பிரியுதே. வெள்ளரிக்கு ஒத்தைன்னுதானே சொன்னீங்க?"

இளசில் சிலது அப்படித்தான் இருக்கும் என்று சமாளித்தேன். அந்த இரண்டு பேரும் குனிந்து சிரித்தது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆபீஸுக்கு வந்து லென்ஸில் பார்த்தால் தர்பூசணி வகைதான். என் மூஞ்சியில் ஈயாடவில்லை. சீட்டை மாற்றி எழுதி, கீழே என் பெயரைப் போட்டுக்கொண்டேன்.

அன்றைக்குப் பிடித்தது சனி. வண்டி ஓட்டிக்கொண்டே வேலியைப் பார்ப்பான், சடக்கென்று பிரேக் போடுவான், இறங்கிப் போனால் நாங்கள் மூன்று வருடம் தேடிய கொடி அங்கே கிடக்கும். கொஞ்ச நாளில் மேடமே, அந்த டிரைவரைக் கூப்பிடுங்கள், ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று சொல்ல ஆரம்பித்தார். கழுத்தில் லென்ஸைத் தொங்கவிட்டுக்கொண்டு நான் பக்கத்திலேயே நிற்பேன். எல்லோரும் அவனுக்குச் 'சுருள்' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். இருபத்திநாலு வருடமாக அங்கே குப்பை கொட்டுகிறேன், எனக்கு ஒருத்தரும் ஒரு பட்டப்பெயர்கூட வைத்ததில்லை. கேவலமாக ஒன்று வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்திருக்கிறேன்.

வீட்டில் கேட்கவே வேண்டாம். எங்கள் குளியலறைக் குழாய் ஒழுகினால் நான் மூன்று நாள் அதோடு மல்லுக்கு நின்று, சுவரையும் பெயர்த்துவைப்பேன். இவன் வந்து கையை வைத்தால் நின்றுவிடும். அது ஒரு தடவை என்றால் போகட்டும். தையல் மெஷின், கதவுத் தாழ்ப்பாள், என் மாமியாரின் காது மெஷின், எல்லாவற்றுக்கும் அவன்தான். காலையில் பெண்டாட்டிக்கு டீ போட்டுக் கொடுப்பானாம். அதை மச்சினி வந்து அக்காவிடம் சொல்ல, அக்கா ஒன்றும் சொல்லாமல் என் பக்கம் திரும்பிப் பார்க்க, எனக்குக் காதில் புகை வரும். தலையில் ஒரு முடி கொட்டவில்லை அவனுக்கு. அதுகூட என்னை உறுத்தியது.

எனக்கென்று இருந்தது ஒரே ஒரு வரி. எங்கள் காப்பகம் அச்சிட்ட தாவரப் பட்டியலில், காட்டு முலாமுக்குக் கீழே, குறுங்காய் வகை என்று ஒன்றைத் தனியாகப் போட்டு, கண்டெடுத்தவர் என்று என் பெயரைச் சேர்த்திருந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஆற்று மணலில் எடுத்த கொடி அது. இலை காட்டு முலாம் இலை. காய் மட்டும் வழக்கமான முட்டை வடிவில் இல்லாமல் கோலிக்குண்டு அளவில் உருண்டையாக இருந்தது. இருந்ததே ஒரு காய். அதனால் அதை அறுத்து விதையைப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. மனசு சரியில்லாத நாளில் அந்தப் பட்டியலை எடுத்து அந்த ஒரு வரியைப் படித்துக்கொள்வேன்.

நாலு வருடத்துக்கு முன்னால் அலமாரிகளுக்குப் பூச்சி மருந்து அடித்தபோது, தாள்களைத் தூக்கி வைக்க அவனும் வந்தான். என் தாள் அவன் கைக்கு வந்தது. ரொம்ப நேரம் பார்த்தான். என்ன சகலை என்று கேட்டேன். ஒன்றுமில்லை சகலை என்று கீழே வைத்துவிட்டுப் போனான். அந்த 'ஒன்றுமில்லை' என்னைச் சும்மா விடவில்லை. அவன் போனதும் லென்ஸை எடுத்தேன். காய்க் காம்பை ஒட்டி ஒரு பற்றுக்கம்பி கிளம்பி, முலாம் தண்டைச் சுற்றிக்கொண்டு, நுனியில் இரண்டாகப் பிரிந்திருந்தது. என் கொடி ஒரு கொடி இல்லை, இரண்டு. முலாம் மேல் ஐவிரலி படர்ந்திருக்கிறது, நான் இரண்டையும் ஒரே வெட்டாக வெட்டி அழுத்தியிருக்கிறேன். கொடி சேகரிக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தப்புதான் இது. சிரித்துக்கொண்டே புதுச் சீட்டு ஒட்டிவிடுவார்கள். எனக்கு அந்த ஒரு வரியை விட மனசு வரவில்லை. தாளை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவனும் அதைப் பற்றி ஒருத்தரிடமும் பேசவில்லை.

போன வருடம் அவனுக்கு வலது கண்ணில் பார்வை போய்விட்டது. இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். வண்டி ஓட்ட முடியாத டிரைவரை வைத்துக்கொண்டு ஆபீஸ் என்ன செய்யும்? மேடம்தான் வழி கண்டுபிடித்தார். என் பிரிவில் உதவியாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. பட்டம் இல்லாதவர் அதற்கு வர வேண்டுமென்றால், சீட்டை மறைத்த பத்துத் தாள்களைப் பார்த்துப் பத்தையும் சரியாகச் சொல்ல வேண்டும். ஒன்று தவறினாலும் கிடையாது. தாள்களைத் தேர்ந்தெடுப்பதும் மார்க் போடுவதும் பிரிவுப் பொறுப்பாளர், அதாவது நான். சொந்தக்காரர் என்று பார்க்காமல் கறாராக இருங்கள் என்று மேடம் என்னிடம் சொன்னார். என்னிடம் போய்!

மச்சினி வீட்டுக்கு வந்தாள். இந்தத் தடவை கண்ணைக் கசக்கவில்லை.

"அத்தான், இந்த வேலையும் இல்லைன்னா அவர் இடிஞ்சு போய் உக்காந்துடுவாரு. ஒத்தைக் கண்ணை வச்சுக்கிட்டுப் போனா வேற யாரு வேலை குடுப்பா?"

பார்த்துக்கொள்ளலாம் என்றேன். உண்மையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இத்தனை நாள் அவன் ஜன்னலுக்கு வெளியே ஜீப்பில் இருந்தான். இனிமேல் எனக்குப் பக்கத்து நாற்காலியில், கழுத்தில் லென்ஸோடு உட்காருவான். ஆறு மாதத்தில் என் நாற்காலியில் உட்காருவான். இதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை. ஒன்பது தாள்களை நியாயமாக எடுத்துவைத்தேன். பத்தாவதாக என்னுடைய தாளை வைத்தேன். நான் எழுதியதையே அவனும் சொன்னால், என் வரிக்கு அவனே சாட்சி. இரண்டு கொடி என்று சொன்னால், அச்சான பட்டியலுக்கு விரோதம், பதில் தப்பு. அவன் ஆதாரம் காட்டிவிட்டால் என்ன செய்வது? அதற்கும் ஒரு வழி செய்தேன்.

எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரம். சின்ன இடுக்கியும் பிளேடும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஈரப்பஞ்சால் பசையை ஊறவைத்து, முலாம் தண்டைச் சுற்றியிருந்த அந்தப் பற்றுக்கம்பியைச் சுருள் சுருளாகக் கழற்றி எடுத்தேன். அரை மணி நேரம் ஆனது. எடுத்ததைக் குப்பையில் போட மட்டும் முடியவில்லை, இருபத்திநாலு வருடப் பழக்கம். மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் பத்து மணிக்குத் தேர்வு. ஜன்னலோரம் நீள மேசை, ஒரு பக்கம் மேடமும் நானும், எதிரில் அவன். லென்ஸை இடது கண்ணில் வைத்துக்கொண்டான். முதல் தாளில் இருந்தது உலர்ந்து சுருங்கிய ஒரு பிஞ்சு. குமிழ் மேல் முள் நிற்பதைக் காட்டி, காட்டு வெள்ளரி என்றான். இரண்டாவது, ஆண்பூவே இல்லாத கோவை. இது பெண்கொடி மேடம், இதில் ஆண்பூவைத் தேடிப் பிரயோஜனம் இல்லை என்றான். மேடம் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். ஒன்பதையும் முடிக்க அவனுக்கு இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

பத்தாவது தாளைத் திறந்ததும் நிறுத்தினான். ஒரு தடவை என்னைப் பார்த்தான். பிறகு மூக்கு தாளில் படுகிற மாதிரி குனிந்தான்.

இலை காட்டு முலாம், காய் அதனுடையது இல்லை, ஐவிரலி என்று சொன்னான். மேடம் மறைப்பை எடுத்துச் சீட்டைப் படித்தார். என் பெயர் இருந்தது. பட்டியலில் வந்த தாளாயிற்றே, எதை வைத்து இப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். அவன் தாளைத் தொடாமல், அதற்கு மேலே விரலால் ஒரு கோடு போட்டான்.

"இங்க ஒரு பற்றுக்கம்பி இருந்திருக்கு மேடம். தாள்ல கறை தெரியுது பாருங்க. நுனியில ரெண்டாப் பிரியுது."

இருபத்திரண்டு வருடம் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்த துணுக்கு, அடியில் இருக்கும் தாளைப் பழுப்பாக்கிவிட்டிருக்கிறது. எங்கள் வேலையில் இருக்கிற எவனுக்கும் தெரிந்த விஷயம் இது. ஆத்திரத்தில் எனக்கு மட்டும் மறந்துபோனது. மேடம் லென்ஸை வாங்கிப் பார்த்தார். தாளில் ஒட்டியிருந்த உறையைத் திறந்தார். காலி. அந்தக் கம்பி எங்கே போயிற்று என்று பொதுவாகக் கேட்டார்.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அவன் முகத்தில் அதைப் பார்த்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"பழைய தாள் மேடம், எங்கயாவது உதிர்ந்திருக்கும். சகலை ஒரு துணுக்கைக்கூட வீணாக்க மாட்டாரு. எனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்ததே அவர்தான்."

மேடம் யோசித்தார். வெறும் கறையை வைத்து, அச்சான பெயரைத் தப்பென்று சொல்ல முடியாது என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, மார்க் உங்கள் கையில், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் வீட்டுக்குப் போயிருப்பான், என் வரி எனக்கு இருந்திருக்கும். அவனுக்கும் அது தெரியும். தெரிந்தே மேசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மச்சினியை நினைத்து மனம் இளகியது என்று சொன்னால் பொய். மனசாட்சி உறுத்தியது என்றாலும் பொய். என்னால் தாங்க முடியாமல் போனது வேறு. குழாயைச் சரி செய்தான், தாழ்ப்பாளைச் சரி செய்தான், போகட்டும். என் மானத்தையும் இவன்தான் ரிப்பேர் பண்ண வேண்டுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டைப் பையிலிருந்த கண்ணாடிக் கூட்டை எடுத்து மேசைமேல் திறந்து வைத்தேன்.

"உதிரல மேடம். நான்தான் எடுத்தேன்."

மேடம் கூட்டுக்குள் இருந்ததை லென்ஸில் பார்த்தார். பிறகு வெந்நீர் கொண்டுவரச் சொல்லி, அந்த ஒரே காயை ஊறவைத்து, எங்கள் முன்னாலேயே அறுத்தார். முலாம் விதை தட்டையாக, வழவழப்பாக இருக்கும். உள்ளே இருந்த விதைகள் இடுப்பில் பட்டை கட்டியதுபோல மேடு வைத்திருந்தன. ஐவிரலிதான். பத்துக்குப் பத்து.

மேலிடத்துக்கு எழுதாமல் மேடம் தன்னளவில் முடித்துக்கொண்டார். என் பிரிவை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். அவன் அதில் உதவியாளர் ஆனான். என்னை ஒட்டும் மேசைக்கு மாற்றினார்கள். மற்றவர்கள் பெயர் கண்டுபிடித்து அனுப்புகிற செடிகளையும் சீட்டுகளையும் பசை தடவி ஒட்டுவது வேலை. முதல் வாரமே அந்தத் தாள் வந்தது. இரண்டு கொடிகள் கலந்தது என்று எழுதி, அவன் கையெழுத்துப் போட்டிருந்தான். என் சீட்டுக்குப் பக்கத்தில் கோணாமல் ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சாப்பாட்டு மேசைப் பக்கம் போகவே கால் வரவில்லை. பிரிவு போனதை வீட்டில் நான் சொல்லவில்லை. அவன் சொல்லியிருப்பான், இன்றைக்கு அக்காளும் தங்கையும் காறித் துப்பப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன். மச்சினி என் தட்டுப் பக்கம் வந்து நின்றாள்.

"அவர் எல்லாத்தையும் சொன்னாரு அத்தான்."

எழுந்திருக்கப் பார்த்தேன்.

"அவரு கண்ணை நினைச்சு, உங்க செக்‌ஷனையே விட்டுக் குடுத்துட்டீங்களாமே. மேடம் வேண்டாம்னு சொல்லியும் நீங்க கேக்கலையாமே."

அவனைப் பார்த்தேன். தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என் மனைவி கரண்டியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்து வருடக்கணக்காகிறது.

"எங்க வீட்டுக்காரர் மாதிரி யாருடீ செய்வா" என்றாள் தங்கையிடம்.

கல்யாணமாகி இருபது வருடத்தில் என்னைப் பற்றி அவள் அப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அந்த வார்த்தைக்காக எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்று அது வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அதையும் அவன்தான் எனக்கு வாங்கிக் கொடுத்திருந்தான். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் நிமிர்ந்து, தண்ணீர்த் தம்ளரை என் பக்கம் நகர்த்தினான்.

"சாப்பிடுங்க சகலை, ஆறுது" என்றான்.